நான்காவது பலகை

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் என்னை எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் சிக்கியவனையெல்லாம் உட்காரவைத்துச் சதுரங்கக் கதை சொல்லி அறுக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கிண்டல் எது, மரியாதை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத அளவுக்கு எனக்கு மண்டைக்கனம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது இதைவிடக் கேவலமானது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சதுரங்க டீம் உண்டு. நான்கு பேர், நான்கு பலகைகள். முதல் பலகையில் இருப்பதிலேயே நன்றாக ஆடுகிறவர், கடைசிப் பலகையில் நான். ஒன்பது வருஷமாக நான்காவது பலகையை விட்டு மேலே போகவில்லை; கீழே போவதற்கு இடமும் இல்லை. மற்ற ஆஸ்பத்திரி டீம்களோடு போட்டி நடக்கும். பயிற்சி, போட்டி எல்லாம் சாயங்காலத்தில் என்பதால் டீமில் இருக்கும் நான்கு பேருக்கு மட்டும் வருஷம் பூராவும் காலை ஷிப்ட். ஆறு மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பிவிடலாம். மற்றவர்கள் கிடைத்த ஷிப்டில் போக வேண்டியதுதான். அதிலும் புதிதாக வந்தவர்களுக்கு எப்போதும் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை.

உண்மையைச் சொன்னால் எனக்குக் காலை ஷிப்ட் பெரிய விஷயமில்லை. பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டில் நானும் மனைவியும்தான். எனக்குப் பெரிதாக இருந்தது கேன்டீன் சுவரில் மாட்டியிருந்த டீம் போட்டோ. அதில் வலது ஓரத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பது நான். சாப்பாட்டுத் தட்டோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

போன வருஷம் பத்து ஆட்டத்தில் எட்டில் மண்ணைக் கவ்வினேன். எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத் தள்ளு, ராணியை வெளியே இழுத்து வா, செக் செக் என்று துரத்து. எதிரில் இருப்பவன் பயந்தால் ஜெயித்தேன், பயப்படாவிட்டால் நான் காலி. இப்போதெல்லாம் யாரும் பயப்படுவதில்லை. சீசன் முடிந்த அன்று கேப்டன் என்னைக் கூப்பிட்டார். மருந்தகத்தில் வேலை பார்க்கும் அக்கா அவர். முதல் பலகையும் அவர்தான்.

"மாஸ்டர், ராணிய அவுத்து விட்டது போதும். ராணி முன்னாடி நிக்கற சிப்பாய்ல ஆரம்பிச்சு நிதானமா ஆடக் கத்துக்கோங்க. இல்லைன்னா அடுத்த சீசனுக்கு நான் வேற ஆளப் பாக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

நாற்பத்தேழு வயதில் யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் புதுசு ஆடுவதைப் பார்த்தேன். புதுசு என்பது ஒரு பெண். சலவைப் பிரிவுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. முப்பது வயதிருக்கும். வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளை அவிழ்த்துப் பிரிக்கும் வேலை அவளுக்கு. டாக்டர்கள் கோட்டுப் பைகளில் பேனாவும் கத்தரிக்கோலும் மறந்துவிட்டுப் போவார்கள். அதை எடுக்காமல் விட்டால் மெஷினுக்குள் போய்க் கடகடவென்று ஆடும். அவள் பிரித்த மூட்டையில் ஒரு குண்டூசிகூடத் தப்பியதில்லை. இஸ்திரி உருளையில் நிற்கும் எனக்கு அது நன்றாகவே தெரியும்.

இரண்டு மணி ஷிப்டுக்கு ஒரு மணிக்கே வந்துவிடுவாள். அவளுக்கு ரயில் அப்படி. மடித்த துணிகளை அடுக்கும் அறையில் உட்கார்ந்து போனில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பாள். ஒருநாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாய், அதற்குப் பக்கத்துச் சிப்பாய், ஒரு குதிரை, ஒரு மந்திரி என்று அவசரமே இல்லாமல் வைத்துக்கொண்டே போனாள். எங்கோ இருக்கும் யாரோ ஒருவன் அந்தப் பக்கம் மூச்சுமுட்டிப் போனான். இருபது நகர்த்தலில் அவனுக்கு அசைவதற்கே இடமில்லை. அவள் ஒரு தடவைகூடச் செக் சொல்லவில்லை.

"இத எனக்குச் சொல்லித் தருவியாம்மா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

"நீங்க மாஸ்டர். உங்களுக்கு நானா?" என்றாள். கிண்டலே இல்லாமல் அந்தப் பெயரைச் சொன்னது அந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்திதான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. என் சாப்பாட்டு நேரத்தை ஷிப்டின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டேன்; ஒன்றேகாலிலிருந்து இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்வரை. துணி வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் என் பழைய பலகையை வைப்போம். யானை ஒன்று தொலைந்துபோய் அந்த இடத்தில் இருமல் மருந்து மூடி.

"ராஜா முன்னாடி இருக்கற சிப்பாய ரெண்டு கட்டம் தள்ளினா அதுக்கு யாரும் காவல் இல்லண்ணே. இதத் தள்ளினா பின்னாடியே ராணி நிக்குது. அதனால ஓடறதுக்கு அவசரமே இல்ல," என்றாள் முதல் நாள்.

அடுத்தது பக்கத்துச் சிப்பாய். அதைக் கொண்டுபோய் எதிரியின் வாய்க்கு நேராக வைக்கச் சொன்னாள். எனக்குத் திக்கென்றது.

"சும்மா குடுக்கறதா?"

"எடுத்தா எடுத்துக்கட்டும். நடுவுல நின்ன அவன் ஆளு ஓரமாப் போயிட்டான்ல? நடு இடம் இப்ப யாருக்கு? அந்தச் சிப்பாய அப்பறமா நம்ம மந்திரி போய்ச் சாவகாசமாப் புடிச்சுக்கும்."

"அப்ப இது தானம் இல்ல, தூண்டில்னு சொல்லு."

சிரித்தாள். நான் அவசரப்பட்டுக் குதிரையை அந்தச் சிப்பாய்க்கு முன்னால் கொண்டுவந்து வைப்பேன். எடுத்துத் திரும்ப வைத்துவிடுவாள். "வாசல்ல வண்டிய நிறுத்தாதீங்கண்ணே. சிப்பாய் மொதல்ல வெளிய போகட்டும்." மந்திரி வெளியே வருவதற்குள் அதன் வழியில் ஒரு சிப்பாயை வைத்து அடைத்துவிடுவேன். "ஆள உள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டீங்களே," என்பாள். இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் முதல் வாரத்தில் படிப்பது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒன்பது வருஷம் டீமில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் படுத்தியது வேறு ஒன்று. நடுவில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி நிற்கும்போது எனக்குக் கை அரிக்கும். பார்த்த மாத்திரத்தில் வெட்டிவிடுவேன்.

"எடுக்கறதுக்கு என்ன அவசரம்ணே? எடுப்பாங்களோன்னு அவன் பயப்படற மாதிரி நீங்க நிக்கறீங்க பாருங்க, அதுதான் அவனுக்குத் தலைவலி. எடுத்துட்டீங்கன்னா அவன் நிம்மதியாயிடுவான்."

ஒருநாள் அவள் குதிரைக்குப் பக்கத்தில் என் மந்திரியைக் கொண்டுபோய் வைத்தேன். அந்தக் குதிரைக்குப் பின்னால் நேர் சாய்வில் அவள் ராணி. குதிரை நகர்ந்தால் ராணி போச்சு. ஆக, குதிரையைக் கட்டிப்போட்டாகிவிட்டது என்று நினைத்து நடுவில் இருந்த சிப்பாயை என் குதிரையால் தைரியமாக வெட்டினேன். அவள் கட்டிப்போட்ட குதிரையாலேயே திருப்பி வெட்டினாள். நான் "மாட்டினியா!" என்று கத்திக்கொண்டு ராணியைப் பிடித்தேன். அவள் தன் மந்திரியை எடுத்து மெதுவாக என் ராஜாவுக்குச் செக் வைத்தாள். என் ராணியை நடுவில் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. புழுதி அடங்கியபோது எனக்கு ஒரு குதிரை நஷ்டம்.

"பேராசை," என்றாள், என் தோளைத் தட்டாத குறையாக. எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இரண்டு மாதங்களில் எனக்குக் கோபமே வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். பலகையில் குதிரை கொஞ்சம் கோணலாக நின்றாலும் விரலை நீட்டி நேராக்குவாள். அவளுடையது, என்னுடையது என்று இல்லை. "போன்ல எல்லாக் குதிரையும் ஒரே பக்கம் பாத்து நிக்கும்ணே. இங்க கோணையா நின்னா என்னால யோசிக்கவே முடியல." ஆறு வருஷம் போனிலேயே ஆடியவள். மரக் காய்களைத் தொட்டு ஆடுவதே அவளுக்கு என் பலகையில்தான் முதல் தடவை.

அவள் பெண்ணைப் பற்றியும் அந்த அறையில்தான் சொன்னாள். பாப்பாவுக்கு ஆறு வயது. ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி, அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறது. புருஷனைப் பற்றி "போனவன் போனவன்தான்" என்பதோடு முடித்துவிட்டாள். இரவு பதினொன்றுக்கு வீடு சேருகிறவள் குழந்தையை யாரிடம் விடுவாள்?

"காலைல பிரச்சினை இல்லண்ணே. பக்கத்து வீட்டு அக்கா அவங்க பசங்களோட சேத்து ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க. சாயங்காலம் நான் இருக்கணும், அவ்வளவுதான். காலை ஷிப்ட் மட்டும் கெடச்சா அன்னிக்கே போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்."

ஆக எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. எல்லாம் தெரியும்.

கேப்டன் அக்கா ஒருநாள் என்னைத் தேடிக்கொண்டு அந்த அறைக்கே வந்துவிட்டார். நாங்கள் ஆடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு என்னை எழுப்பிவிட்டு அவளோடு ஒரு ஆட்டம் ஆடினார். தோற்றார். தோற்றுவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்த முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"மாஸ்டர், இப்படி ஒருத்திய வெச்சுக்கிட்டு வாயே தெறக்கலையே நீங்க! சரி, நாயம்னு ஒண்ணு இருக்குல்ல. வர்ற சனிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடுங்க. கடிகாரம் வெச்சு, போட்டி ரூல்படி. ஜெயிக்கறவங்க நாலாவது போர்டு."

அவர் போனதும் புதுசு என்னைப் பார்க்கத் தயங்கினாள். நான் பெருந்தன்மையாக, "இனிமே சொல்லித் தர மாட்டியேம்மா?" என்றேன்.

"ஏன்ணே அப்படிச் சொல்றீங்க? எனக்கும் ஆடிப் பழக வேண்டாமா?" என்றவள், கொஞ்சம் யோசித்து, "போர்டுல ஆடறதுக்குன்னு தனியா ரூல் ஏதாவது இருக்காண்ணே? போன்ல எல்லாத்தயும் அதுவே பாத்துக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று கேட்டாள்.

சொன்னேன். கடிகாரத்தை ஆடிய கையாலேயே அழுத்த வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும். முன்னாலும் பின்னாலும் கைகுலுக்க வேண்டும். இன்னொன்றும் நுனிநாக்கு வரை வந்தது. உன் முறை வரும்போது ஒரு காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்தியாக வேண்டும். கோணலாக இருக்கும் காயை நேராக்க வேண்டுமென்றால் 'சரி செய்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கெல்லாம் இது அரிச்சுவடி. நான் மென்று விழுங்கினேன். அவளாகக் கேட்டால் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் கேட்டதே அதைத்தான்.

சனிக்கிழமை மூன்று மணி, கேன்டீன். அவளுக்கு இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தார் அக்கா. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் டீ குடித்துக்கொண்டு. வெள்ளை எனக்கு விழுந்தது. ராணிச் சிப்பாயைத் தள்ளினேன், அவளும் தள்ளினாள். பக்கத்துச் சிப்பாயை நீட்டினேன். அவள் எடுக்காமல் தன் நடுச் சிப்பாய்க்குத் துணையாக இன்னொன்றை வைத்தாள். எனக்குக் குதிரை, அவளுக்குக் குதிரை. ஒவ்வொரு தடவை நான் சரியாக ஆடும்போதும் அவள் தன்னையறியாமல் லேசாகத் தலையாட்டினாள். அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவளிடம்தான் இவன் கற்றுக்கொண்டான் என்று அந்தத் தலையாட்டலை வைத்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நிமிர்ந்தால் சுவரில் போட்டோ. இந்த ஆட்டத்தில் நான் தோற்கப்போகிறேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்து மந்திரியை அவள் குதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். பின்னால் ராணி. அன்றைக்குப் போலவே குதிரையைக் கட்டிப்போடும் நகர்த்தல். இதற்கு அவள் என்ன செய்வாள் என்பதும் தெரியும். தன் மந்திரியை ஒரு கட்டம் ஏற்றி இடையில் வைப்பாள், ராணிக்கு இருந்த ஆபத்து போய்விடும். ஐம்பது தடவை பார்த்திருக்கிறேன்.

மந்திரியை வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது என் சுண்டுவிரல் அவள் குதிரையில் பட்டது. குதிரை அரைவட்டம் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

கை பட்டுவிட்டது என்றுதான் அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். படவில்லை. திருப்பினேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். பிறகு, எப்போதும் போல, ஆள்காட்டி விரலை நீட்டிக் குதிரையை நேராக்கினாள்.

"தொட்டுட்டியேம்மா," என்றேன். அந்த 'ம்மா'வை நான் சேர்த்திருக்க வேண்டாம்.

அவளுக்குப் புரியவில்லை. அக்கா எழுந்து வந்தார். "குதிரையத் தொட்டியா? 'சரி செய்கிறேன்'னு சொல்லிட்டுத் தொட்டியா?"

"இல்லக்கா. கோணையா இருந்துச்சு, அதான்..."

"தொட்டா அதத்தான் ஆடணும்மா. ரூல் அது. மாஸ்டர், நீங்க சொல்லிக் குடுக்கலையா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சொன்னதாத்தான் ஞாபகம்," என்றேன்.

அக்கா அவள் பக்கம் திரும்பினார். பிறகு அவளே சொன்னாள். "சொல்லியிருப்பாங்கக்கா. நான்தான் மறந்திருப்பேன்."

குதிரை எங்கே போனாலும் ராணி போகும். அவள் அதை முன்னால் தள்ளினாள். நான் ராணியைப் பிடித்தேன். அதோடு விட்டுவிடுவாள் என்று பார்த்தேன், விடவில்லை. ராணி இல்லாமலே இன்னும் முப்பத்தெட்டு நகர்த்தல் ஆடினாள். ஒரு கட்டத்தில் ராணியை வைத்துக்கொண்டு நான் முழிபிதுங்கி நின்றதைப் பார்த்து யாரோ பின்னால் சிரித்தார்கள். கடைசியில் ஜெயித்தேன். அவள் எழுந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, கைகுலுக்கினாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டு மூட்டைகளைப் பிரிக்கப் போய்விட்டாள்.

"கை பட்டுச்சுன்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன பூட்டா போட்டிருந்துச்சு?" என்றாள் மனைவி, சாப்பாடு போட்டுக்கொண்டே. ஊரில் நான் யாரை ஏமாற்றினாலும் அவளை ஏமாற்ற முடியாது. அதனால்தான் தூங்குகிற மாதிரி சீக்கிரம் படுத்துக்கொண்டேன்.

சீசன் ஆரம்பித்தது. முதல் போட்டியிலேயே ஜெயித்தேன். ராணிச் சிப்பாய், பக்கத்துச் சிப்பாய், அவசரப்படாமல் வெட்டாமல் நின்றேன். எதிரில் இருந்தவர் தாங்க முடியாமல் அவரே வெட்டினார். திறந்த வழியில் என் யானை உள்ளே போனது. அக்கா முதுகில் தட்டி, "ஆளே மாறிட்டீங்களே மாஸ்டர், எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். அவருக்கே தெரியும், என் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். "ஒரு புஸ்தகம் கெடச்சுது," என்றேன். சொன்ன பிறகு எனக்கு அந்த இடத்திலேயே கூசியது. ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை. அடுத்த போட்டியிலும் ஜெயித்தேன். ஜெயிக்க ஜெயிக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் நகர்த்தும் ஒவ்வொரு காய்க்கும் அவள் குரல் இருந்தது. வாசல்ல வண்டிய நிறுத்தாதீங்கண்ணே.

ஒரு மணிக்கு வந்து அவள் அதே அறையில் உட்கார்ந்து போனில் ஆடிக்கொண்டிருப்பாள். நான் என் சாப்பாட்டை உருளைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். கேன்டீனுக்கும் போக முடியவில்லை. போட்டோ இருக்கிறதே.

ஆறு வாரம் இப்படி ஓடியது. ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், மூட்டை பிரிக்கும் இடத்துக்குப் போனேன். கையுறையோடு அறுவைசிகிச்சைப் பச்சைத் துணிகளை உதறிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் குதிரை..." என்று ஆரம்பித்தேன். "கை தெரியாம படலம்மா. நான்தான் திருப்பினேன். ரூலையும் நான் உனக்குச் சொல்லவே இல்ல."

அவள் உதறுவதை நிறுத்தவில்லை. "தெரியும்ணே."

"தெரியுமா?"

"குதிரை தானா திரும்புமா? நீங்க ரூல் சொன்ன அன்னிக்கு நான் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சேன். நீங்க சொன்னது மூணுதான்."

வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப ஏன்மா அங்கயே சொல்லல?"

"சொன்னா? நீங்க ஒம்பது வருஷம், நான் புதுசு. தோத்துட்டுப் பழி போடறான்னு சொல்லுவாங்க." துணியை மடக்கிக் கூடையில் போட்டாள். "அதுவும் இல்லாம, நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ரெண்டு மாசம் பக்கத்துல ஒக்காந்து ஆடியிருக்கோம்ல. திங்கக்கிழமை சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்பறம் போன மாசம் பதினஞ்சாம் தேதி வரைக்கும் பாத்தேன்."

"பதினஞ்சாம் தேதி என்ன?"

"பாப்பாவ இங்க ஸ்கூல்ல சேக்கறதுக்கு அதான் கடைசி நாளு."

துணி துவைக்கும் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அங்கே நின்று அழுதால் அதையும் அவள்தான் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "இப்பவே போய் அக்காகிட்டச் சொல்லிடறேன்," என்றேன்.

"சொல்லுங்க." முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "எனக்காகச் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

மருந்தக ஜன்னலில் நீளமான வரிசை. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏதாவது பூசிமெழுகிவிடுவேன் என்று எனக்கே என்னைத் தெரிந்திருந்தது. வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அக்கா சிரித்தார். "என்ன மாஸ்டர், தலைவலியா?"

"செலக்‌ஷன் ஆட்டத்துல அந்தக் குதிரைய நான்தான் வேணும்னே திருப்பி வெச்சேன். தொட்டா ஆடணும்ங்கற ரூல அவகிட்ட நான் சொல்லல. சொன்னேன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். ஆடக் கத்துக்குடுத்ததும் அவதான், புஸ்தகம் இல்ல."

பின்னால் நின்ற ஆள் மருந்துச் சீட்டை விசிறிக்கொண்டே, "சார், குதிரைக் கதையெல்லாம் அப்பறம் பேசுங்க," என்றார். அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "அடுத்தது யாரு? வாங்க," என்றார்.

அடுத்த போட்டியிலிருந்து நான்காவது பலகை அவளுடையது. இதுவரை ஒன்றில்கூடத் தோற்கவில்லை. போட்டோவையும் மாற்றிவிட்டார்கள். என்னை இப்போது யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை, கிண்டலுக்குக்கூட. நான் மதிய ஷிப்ட். வீட்டுக்குப் போகும்போது மனைவி தூங்கியிருப்பாள். சாப்பாடு மூடி வைத்திருக்கும்.

இரண்டு மணிக்கு வாசலில் அவளும் நானும் எதிரெதிரே வருவோம். "வரேண்ணே," என்பாள், எப்போதும் போல. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். நேற்றுத்தான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"பாப்பாவ எப்பம்மா கூட்டிட்டு வர்றே?"

"அடுத்த வருஷம் பாக்கணும்ணே." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வரமாட்டேங்கறா இப்ப. அங்க ஸ்கூல் புடிச்சுப் போச்சாம். அத்தை தலை பின்னிவிட்டாத்தான் நல்லா இருக்காம். 'நீ வேணா இங்க வாம்மா'ங்கறா."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தாள். அந்த ரயிலைப் பிடித்தால் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம்.